டிரெடில் மெஷின் ரோலரும் பழைய ஈய எழுத்தும் தேவை

வணக்கம். மதுரையில் சின்னதாக ஒரு லெட்டர்பிரஸ் (ஈய எழுத்தைக் கோத்து, மை தடவி, காகிதத்தில் அழுத்தி அச்சிடும் அச்சகம்) நடத்துகிறேன். காலால் மிதிக்கும் டிரெடில் மெஷினில் பொங்கல் வாழ்த்து அட்டை, கல்யாணப் பத்திரிகை, சுவரில் மாட்டும் படங்கள் எல்லாம் அச்சிடுகிறோம்.

எழுத்தில் மை தடவும் ரோலரின் ரப்பர் இறுகிவிட்டது. மை நடுவில் திட்டாகவும் ஓரத்தில் வெளிறியும் விழுகிறது. பழைய தண்டிலேயே புது ரப்பர் போட்டுத் தருபவர்கள் மதுரை, சிவகாசி பக்கம் யாராவது உண்டா? மென்மையான ரப்பராக வேண்டும். தேய்ந்த எழுத்துகள் ஒரே உயரத்தில் இருக்காது. கடினமான ரோலர் சிலவற்றைத் தொடாமலே போய்விடும்.

அப்புறம், 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய, தும்பிக்கை போல் வளையும் லை, ளை, னை, ணை ஈய எழுத்துகள் 24 பாயின்ட் அளவுக்கு மேல் தேடுகிறேன். பாலிமர் பிளேட்டும் (எழுத்தெல்லாம் ஒரே தகடாக வரும் பிளாஸ்டிக் அச்சு) பயன்படுத்துகிறோம்தான். ஆனால் அட்டைக்கு அட்டை பெயர் மாற்றிக் கோக்க ஈய எழுத்துக்கு ஈடில்லை. உங்கள் ஊரில் மூடுகிற அச்சகம் எதுவும் எழுத்தை எடைக்குப் போடுவதாக இருந்தால், உருக்கும் முன் தயவுசெய்து ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஈய விலைக்கு மேலேயே தருகிறேன், நானே வந்து எடுத்துக்கொள்கிறேன். எழுத்தின் முகம் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ போட்டால் போதும்.