வெளுத்துப்போன கடல் சாமந்தியைத் தேற்றுவது: வளர்ப்பவர்கள் சிலர் ஒருவர் பின் ஒருவராக எழுதிய அனுபவப் பகிர்வு

வெள்ளை வெளேரென்ற உடம்பு, கை நுனிகளில் மட்டும் ஊதாப் பொட்டு. கடல்நீர்த் தொட்டிகளில் வளர்க்கும் செபே அனிமோன் என்ற கடல் சாமந்தி பெரும்பாலும் இந்தக் கோலத்தில்தான் விற்பனைக்கு வருகிறது. பார்த்ததும் மயங்கி வாங்கிவிடுகிறார்கள். அந்த வெள்ளை அதன் சொந்த நிறமே இல்லை. நல்ல செபே பழுப்பாகவோ பச்சை கலந்த பழுப்பாகவோ இருக்கும். அந்தப் பழுப்பு, அதன் உள்தோல் செல்களுக்குள் குடியிருக்கும் ஜூசாந்தெல்லே என்ற ஒற்றைச் செல் பாசியுடையது. பாசி வெளிச்சத்தை வாங்கிச் சர்க்கரையும் கிளிசராலும் செய்து கொடுக்கிறது, கடல் சாமந்தி அதைச் சாப்பிட்டு வாழ்கிறது. பாசி போய்விட்டால் சாப்பாட்டில் பெரும்பங்கு நின்றுபோகிறது. வெளுத்த அனிமோன் என்றால் பட்டினி கிடக்கும் பிராணி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற எல்லா முடிவும் இதிலிருந்துதான் வர வேண்டும்.

பளிச்சென்ற எலுமிச்சை மஞ்சள், ரோஜா, நீலம் என உடம்பு முழுக்க ஒரே சீராக நிறம் இருந்தால் சாயம் ஏற்றியது என்று சந்தேகப்படுங்கள். சில வாரங்களில் சாயம் கரைந்து, அடியில் இருக்கும் வெள்ளை தெரியும். அதற்கும் கீழே சொல்லும் வைத்தியம்தான். ஆனால் ஏற்கெனவே நொந்த பிராணி என்பதால் பிழைக்கும் வாய்ப்பு குறைவு.

வெளுப்பதற்கான காரணங்கள் சில: கைமாறிக் கைமாறி வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தது, தண்ணீர் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டி நாள்கணக்கில் சூடாக இருந்தது, மங்கிய விளக்கிலிருந்து திடீரென்று பலமான எல்இடிக்கு மாறியது, உப்பளவு சட்டென்று இறங்கியது, தாமிரம் கலந்த மீன் மருந்து. வீட்டுத் தொட்டியிலேயே வெளுத்தது என்றால் முதலில் தெர்மோமீட்டரைப் பாருங்கள். ஒன்றுக்கு இரண்டாக வைத்துப் பாருங்கள், ஒன்று பொய் சொல்லும். காரணம் அப்படியே இருக்கும்போது தேற்ற முடியாது.

அதிகம் பேர் தவறுவது விளக்கில். 'பாசி இல்லை, வெளிச்சம் கொடுத்தால் வளரும்' என்று விளக்கை முழுசாகத் திறந்துவிடுகிறார்கள். நடப்பது நேர் எதிர். நிறைய பாசி இருக்கும்போது ஒன்றுக்கு ஒன்று நிழல் கொடுக்கும். ஓரிரண்டு மட்டும் மிஞ்சியிருக்கும்போது முழு வெளிச்சமும் அவற்றின் மேலேயே விழுகிறது. தாங்கும் அளவைத் தாண்டினால் ஒளிச்சேர்க்கைக் கருவி பழுதாகி, செல்லுக்குள் நச்சு ஆக்சிஜன் சேர்கிறது. அதைத் தாங்காமல் கடல் சாமந்தி மிச்சப் பாசியையும் வெளியே தள்ளிவிடுகிறது.

பாசிக்குப் பயன்படும் வெளிச்சத்தை அளக்கும் பார் (PAR) மீட்டர் கிடைத்தால், அனிமோன் உட்கார்ந்திருக்கும் இடத்தில் 50 முதல் 75 வரை வைத்துத் தொடங்குங்கள். ஒரு நாளைக்கு 8 மணி நேரம் போதும். இரண்டு வாரம் அப்படியே விடுங்கள். பிறகு வாரத்துக்குச் சுமார் 10 சதவீதம் ஏற்றலாம். ஏற்றிய மறுநாள் சுருங்கினாலோ, பாறை இடுக்குக்குள் ஒளிந்தாலோ, பழுப்பு நூல் நூலாகத் துப்பினாலோ முந்தைய அளவுக்கு இறங்கிவிடுங்கள். பபிள் டிப் என்ற அனிமோன் வகைக்கு 120 முதல் 200 வரை போதும். மேக்னிஃபிகா போன்றவை கடைசியில் அதற்கும் மேலே கேட்கும், ஆனால் அது நிறம் திரும்பிய பிறகு. கைபேசிச் செயலியில் காட்டும் லக்ஸ் கணக்கை நம்ப வேண்டாம், நீல எல்இடிக்கு அது சரிவராது. மீட்டர் இல்லையென்றால் விளக்கை உயரத் தூக்கிக் கட்டுங்கள், அல்லது கொசுவலைத் துணி இரண்டு மடிப்பு போட்டு, இரண்டு வாரத்துக்கு ஒரு மடிப்பாக எடுங்கள்.

* * *

விளக்கைப் பற்றி மேலே நண்பர் சொன்னது அத்தனையும் சரி. சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பாசி திரும்பும்வரை உயிரைப் பிடித்து வைப்பது அதுதான்.

பசியில் இருக்கிறதே என்று முழு இறாலைத் திணிக்காதீர்கள். செரிப்பதற்கும் சக்தி வேண்டும். மெலிந்த அனிமோன் பெரிய துண்டை ஆசையாக விழுங்கும், மறுநாள் வெள்ளைச் சளியோடு அப்படியே கக்கும். கக்கியதும் முன்னைவிட மோசமாகிவிடும். ஒரு துண்டு பட்டாணி அளவைத் தாண்டக் கூடாது. மைசிஸ் என்ற குட்டி இறால் என்றால் நான்கைந்து. வாரத்துக்கு மூன்று தடவை. உப்பும் மசாலாவும் படாத, வேகவைக்காத கடல் இறால், கடல் மீன், கணவாய் எதுவானாலும் பொடியாக நறுக்கி, உருகிய நீரை வடிகட்டிவிட்டுக் கொடுங்கள். நன்னீர்த் தீவன மீன் வேண்டாம், அதன் கொழுப்பு இதற்கு ஒத்துவராது.

பம்பை 15 நிமிடம் நிறுத்துங்கள். நீண்ட குழாய்ச் சொட்டுக்கருவியால் கைகளின் மேல் மெதுவாக விடுங்கள், வாய்க்குள் நேராகத் திணிக்க வேண்டாம். நல்ல நிலையில் உள்ளது தொட்டதும் ஒட்டும். கை மடங்கும், பக்கத்துக் கைகளும் குனியும், நடுவில் கோடாக இருக்கும் வாய் உதடு பிரிந்து துண்டு உள்ளே போகும். வெளுத்ததில் இது எல்லாமே மெதுவாக நடக்கும், சில சமயம் ஒட்டவே ஒட்டாது. துண்டு உருண்டு விழுந்துவிடும். அப்போது முட்டையிலிருந்து புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியா (உப்புநீர்ச் சிற்றிறால்) குஞ்சுகளைக் கைகளுக்கு நடுவே மேகம்போல் விடுங்கள். ஐந்தாறு நாள் அப்படிக் கொடுத்தாலே ஒட்டும் தன்மை திரும்பத் தொடங்குவதைப் பல முறை பார்க்கலாம். நிறம் மாறுவதற்கு வெகு முன்பே வரும் நல்ல அறிகுறி இது.

தொட்டியில் பெப்பர்மின்ட் இறாலோ துறவி நண்டோ இருந்தால், விழுங்கிய துண்டை வாய்க்குள் கைவிட்டுப் பிடுங்கிக்கொண்டு போகும். பிளாஸ்டிக் பாட்டிலைப் பாதியாக வெட்டி, ஓட்டை போட்டு, அனிமோன் மேல் ஒரு மணி நேரம் கவிழ்த்து வையுங்கள். ஒரு மணி நேரம் கழித்தும் வெளியே கிடக்கும் துண்டை உறிஞ்சி எடுத்துவிடுங்கள்.

* * *

தனித் தொட்டி வைத்துப் பார்ப்பவர்களுக்கு: 40 லிட்டரிலிருந்து 80 லிட்டர் வரை, அடியில் மணல் வேண்டாம். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியில் ஊறிப் பழகிய ஸ்பாஞ்ச் ஃபில்டர், உறை போட்ட ஹீட்டர், மெல்லிய நீரோட்டத்துக்கு ஒரு சின்னப் பவர்ஹெட் (நீர் தள்ளும் பம்பு). உள்ளே உள்ளங்கை அளவில் தனிக் கல் ஒன்று. அனிமோன் அந்தக் கல்லில் பாதத்தைப் பதித்துவிட்டால், பின்னால் மாற்றும்போது கல்லோடு தூக்கலாம். பாதம் கிழிவதைவிடப் பெரிய ஆபத்து வேறில்லை, கார்பெட் என்ற விரிப்பு போன்ற அனிமோன் வகையில் பெரும்பாலும் அதோடு கதை முடிந்துவிடும். கண்ணாடியில் ஒட்டியிருந்தால் விரல் நகத்தாலோ மெல்லிய பிளாஸ்டிக் அட்டையாலோ ஓரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவியுங்கள். பாறையில் ஒட்டியிருந்தால் பாதத்துக்குப் பின்பக்கம் பையில் கட்டிய ஐஸ் கட்டியைப் பிடியுங்கள், தானாகவே நகரும்.

தண்ணீர்: உப்பளவு (ஒப்படர்த்தி) 1.025 முதல் 1.026, வெப்பம் 25 முதல் 26 டிகிரி, பிஎச் 8.1 முதல் 8.4, அல்கலினிட்டி (பிஎச் இறங்காமல் தாங்கும் திறன்) 8 முதல் 9 டிகேஎச், அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம். நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் பூஜ்யத்துக்கு இறக்கக் கூடாது, பாசி பெருகுவதற்கு அவையும் வேண்டும். நைட்ரேட் 5 முதல் 10 பிபிஎம், பாஸ்பேட் 0.05 பிபிஎம் வாக்கில் இருக்கட்டும். சின்னத் தொட்டியில் மூன்று நாளைக்கு ஒருமுறை கால்வாசித் தண்ணீர் மாற்றுங்கள். ஆவியானதை ஆர்ஓ தண்ணீரால் தினமும் நிரப்புங்கள். உப்பளவு ஏறி இறங்குவதைப் போல வேறெதுவும் இவற்றை அவ்வளவு சீக்கிரம் சோர்வடையச் செய்வதில்லை. முன்பு தாமிர மருந்து ஊற்றிய தொட்டி என்றால் கழுவினாலும் பயன்படுத்தாதீர்கள்.

நீண்ட பயணம் செய்து வந்த பை என்றால் ஒன்றைக் கவனியுங்கள். உள்ளே கரியமில வாயு சேர்ந்து பிஎச் இறங்கியிருக்கும், அதனால் அம்மோனியா நச்சு குறைந்த வடிவில் இருக்கும். பையைத் திறந்ததும் பிஎச் ஏறும், அம்மோனியா விஷமாகும். தொட்டித் தண்ணீரை இரண்டு மணி நேரம் பையில் சொட்டுச் சொட்டாக விட்டுப் பழக்குவது அப்போது கெடுதல். பையில் உள்ள உப்பளவை அளந்து, தொட்டி நீரையே அதற்கு நெருக்கமாக முன்கூட்டித் தயார்செய்து, வெப்பம் சமமானதும் நேராக மாற்றிவிடுங்கள். பை நீரைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம். பக்கத்திலிருந்து வாங்கி வந்தது என்றால் 45 நிமிடம் சொட்டு விடுவதில் தவறில்லை.

* * *

மேலே எழுதிய அண்ணன் சொன்னதோடு ஒன்று. வெளுத்தது வேறு, நோய் வந்தது வேறு. வெளுத்த அனிமோன் வெள்ளையாக இருந்தாலும் பாதம் பிடித்திருக்கும், வாய் மூடியிருக்கும். கழிவைத் தள்ளுவதற்காக எப்போதாவது சுருங்கி மறுபடி விரியும், அதற்குப் பயப்பட வேண்டாம். ஒரே நாளில் பலமுறை சுருங்கி விரிவது, வாய் பிளந்து உள்ளுறுப்பு வெளியே தள்ளுவது, பிடிமானம் விட்டு உருள்வது, இவை மூன்றும் சேர்ந்து வந்தால் பாக்டீரியா தொற்று என்று எடுத்துக்கொள்ளுங்கள். மேக்னிஃபிகாவிலும் ஜைஜான்டியா கார்பெட்டிலும் இது அதிகம்.

இதற்கு வளர்ப்பவர்களிடையே வழக்கத்தில் இருப்பது சிப்ரோஃப்ளாக்சசின்: 38 லிட்டருக்கு 250 மில்லிகிராம். வெளிச்சம் பட்டால் மருந்து சிதையும் என்பதால் விளக்கணைத்த பிறகு போட்டு, அடுத்த நாள் முழுத் தண்ணீரையும் மாற்றி, இரவு மீண்டும் மருந்து. குறைந்தது ஒரு வாரம். ஃபில்டர் பாக்டீரியாவும் செத்துப்போகும் என்பதால் பெரிய தொட்டியில் போடவே கூடாது. மாற்றும் தண்ணீர் முதல் நாளே கலக்கி, அதே வெப்பத்தில் தயாராக இருக்க வேண்டும். இது ஆன்டிபயாடிக், மீன் நோய் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். வெறுமனே வெளுத்ததற்குக் கொடுத்தால் பயன் ஒன்றுமில்லை.

உடம்பு கொழகொழத்து, நூலாகப் பிரிந்து, அழுகிய முட்டை வாடை வந்தால் மனசைத் திடப்படுத்திக்கொண்டு எடுத்துவிடுங்கள். ஒரு இரவு விட்டால் அம்மோனியா மற்ற உயிர்களையும் கொண்டுபோகும்.

* * *

அனிமோனில் குடியிருக்கும் கோமாளி மீன் கூட இருக்கலாமா என்றால், முதலில் வேண்டாம். மீன் ஆசையில் புரண்டு உரசும், மெலிந்த அனிமோன் விரியவே விடாது. வலைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் மீன் இருந்தால் நல்லது, மீன் வெளியிடும் அம்மோனியா பாசிக்கு உரம். பாதம் உறுதியாகி, தொட்டால் ஒட்டி, சாப்பாட்டைக் கக்காமல் மூன்று வாரம் போனால் தடுப்பை எடுக்கலாம்.

நிறம் திரும்புகிறதா என்பதை நீல விளக்கில் பார்த்து ஏமாறாதீர்கள். கடல் சாமந்தியின் சொந்த ஒளிர் நிறமிகள் பாசி போனாலும் இருக்கும், நீலத்தில் பச்சையாக ஜொலிக்கும். வாரம் ஒரு நாள், ஒரே நேரத்தில், வெள்ளை டார்ச்சு அடித்து ஒரே கோணத்தில் படம் எடுத்து வையுங்கள். நாளுக்கு நாள் கண்ணுக்குத் தெரியாதது, எட்டாவது படத்தை முதல் படத்தோடு வைத்தால் தெரியும். முதலில் கைகளின் அடியிலும் வாயைச் சுற்றியும் பால் அதிகமான தேநீர் போலச் சாயல் விழும். பிறகு கைகள் வழியாக மேலேறும். பாசி முழுசாகப் போயிருப்பது அபூர்வம், மிஞ்சியதே பெருகிவிடும். அதே வகையில் நல்ல அனிமோன் ஒன்று அதே நீரில் இருந்தால் அது துப்பும் பாசியும் உதவலாம். இரண்டு மூன்று மாதத்தில் திரும்புவதும் உண்டு, ஆறு மாதத்தைத் தாண்டுவதும் உண்டு. பழுப்பு ஏற ஏற உணவை வாரத்துக்கு ஒன்றாகக் குறைக்கலாம்.

பெரிய தொட்டிக்கு மாற்றும்போது கல்லோடு தூக்குங்கள், அங்கும் விளக்கை இங்கிருந்த அளவுக்கே இறக்கித் தொடங்குங்கள். புது இடத்தில் முதல் சில இரவுகள் அது ஊர்ந்து அலையும். பவர்ஹெட்டின் உறிஞ்சு வாயில் ஸ்பாஞ்ச் உறை இறுக்கமாக இருக்கிறதா என்று விளக்கணைக்கும் முன் கைவிட்டுத் தொட்டுப் பாருங்கள்.