கரண்ட் ரேஞ்ச்ல எஃப்3 எரர், பீப் நிக்கவே மாட்டேங்குது… போர்டு மாத்தித்தான் ஆகணுமா?

பள்ளத்தூர்_பையன்:
வணக்கம் மக்களே, ஒரு அவசர சந்தேகம். ஊர்ல எங்க வீடு பழைய வீடு, காரைக்குடி பக்கம். ரெண்டாங்கட்டு அடுப்படிய புதுசு பண்ணப்ப மச்சான் ஒரு எலக்ட்ரிக் குக்கிங் ரேஞ்ச் வாங்கி வெச்சாரு, மேல கண்ணாடி டாப்புல நாலு அடுப்பு, கீழ ஓவன், முன்னாடி டச் பேனலும் டிஜிட்டல் கடிகாரமும். நாங்க இருக்கறது சென்னை, வீட்டத் தொறக்கறது படைப்புக்கும் (முன்னோருக்குப் படைச்சுக் கும்பிடறது) கல்யாணம் காச்சிக்கும்தான், மத்த நாள்ல ஒரு அண்ணன் வந்து விளக்கேத்திட்டு பூட்டிட்டுப் போயிடுவாரு. இப்ப படைப்புக்கு வந்து எம்சிபிய (ரேஞ்சுக்கு கரண்ட் போற பிரேக்கர் சுவிட்ச்) ஆன் பண்ணா கடிகாரம் இருக்கற இடத்துல எஃப்3னு மின்னுது, கூடவே பீப் பீப்னு ஒரே சத்தம், கேன்சல் அமுக்குனா ஒரு நிமிஷம் அடங்கும் மறுபடி ஆரம்பிச்சிடும். மேல நாலு அடுப்பும் நல்லா எரியுது, ஓவன் மட்டும் வேலை செய்யல. கம்பெனி சர்வீஸுக்கு போன் போட்டேன், மதுரைலருந்து ஆள் வரணுமாம், வந்து பாக்காமலே "எஃப் கோடு வந்தா உள்ள இருக்க கண்ட்ரோல் போர்டுதான் சார், 14,000 ஆகும், வர்ற சார்ஜ் தனி"ங்கறாங்க. ஆத்தா வேற "அந்தச் சனியன மொதல்ல அமத்துடா"னு சத்தம் போடுது. போர்டு மாத்தித்தான் ஆகணுமா, தெரிஞ்சவங்க சொல்லுங்க.

திருமயம்_தம்பி:
மொதல்ல எம்சிபிய ஆஃப் பண்ணிட்டு ஒரு 10 நிமிஷம் அப்படியே விடுங்க ப்ரோ, ஆஃப் பண்ணி உடனே ஆன் பண்ணா பிரயோஜனம் இல்ல, போர்டுல இருக்க கெப்பாசிட்டர்ல கரண்ட் எறங்க நேரம் வேணும். கரண்ட் போய்ப் போய் வந்து கண்ட்ரோல் குழம்பியிருந்தா அதுலயே சரியாயிடும். ஆமா ஒரு சந்தேகம், ஆத்தா ஓவன்ல என்ன பண்ணுவாங்க? எங்க வீட்ல ஓவனுக்குள்ள அப்பளமும் பழைய டப்பாவும்தான் இருக்கு 😂

பள்ளத்தூர்_பையன்:
ஆஃப் பண்ணி ராத்திரி பூரா விட்டாச்சு தம்பி, காலைல ஆன் பண்ண உடனே அதே எஃப்3. ஓவன் பேத்திங்க வந்தா கேக்குக்கு. பணியாரமெல்லாம் இன்னமும் கேஸ் அடுப்புதான், அதுல ஆத்தா யாரையும் கைவைக்க விடாது.

பழைய_மெக்கானிக்:
தம்பி, அவசரப்பட்டு போர்டு வாங்கிடாதீங்க. நான் இந்த ஓவன், ரேஞ்ச் சர்வீஸ்ல இருந்து ரிட்டயர்ட் ஆன ஆளு. கோடு வந்தா "போர்டு கெட்டுப்போச்சு"ன்னு அர்த்தம் இல்ல, போர்டுக்கு என்ன தெரிஞ்சுதோ அதத்தான் அது எழுதிக் காட்டுது. நெறைய மாடல்ல எஃப்3ன்னா ஓவன் சூட்ட அளக்கற சென்சாரோட சர்க்யூட் ஓப்பன் (எங்கயோ அறுந்திருக்கு), எஃப்4ன்னா அதே சர்க்யூட் ஷார்ட் (ஒண்ணோட ஒண்ணு பட்டிருக்கு), எஃப்2ன்னா ஓவன் அளவுக்கு மீறி சூடாயிடுச்சு, எஃப்1, எஃப்7 மாதிரி வந்தா பட்டன் ஒட்டிக்கிச்சு, இல்லேன்னா போர்டு கோளாறு, எஃப்9ன்னா கதவு லாக் கோளாறு. ஆனா இதையே எல்லாக் கம்பெனிக்கும் பொருத்திப் பாக்கக் கூடாது, சில கம்பெனில சென்சார் ஓப்பனுக்கு எஃப்30, ஷார்ட்டுக்கு எஃப்31னு வரும். உங்க மாடலுக்கு என்னன்னு பாக்க மெக்கானிக்குக்குன்னு ஒரு ஷீட் இருக்கும், பின்பக்க தகட்டுக்குள்ளயோ அடி டிராயருக்குப் பின்னாடியோ மடிச்சு சொருகி வெச்சிருப்பாங்க, கைய விட்டுத் தேடுங்க.

நீங்க சொல்றதுல எனக்கு முக்கியமாப் படறது என்னன்னா, ஓவன் சூடே ஆகல, ஆன் பண்ண உடனே கோடு வருது. சூடான பிறகு வந்தா வேற கதை. பச்சத் தண்ணியா இருக்கும்போதே ஓப்பன்னு சொன்னா வயர், கனெக்டர், சென்சார் இந்த மூணுல ஒண்ணுக்குத்தான் மொதல் சந்தேகம், போர்டுக்கு கடைசி. வீடு பூட்டியே கெடக்குதுங்கறீங்க, அப்ப எனக்கு சந்தேகம் இன்னும் கூடுது.

ஓவனுக்குள்ள பின் சுவத்துல மேல் மூலைல பென்சில் மொத்தத்துல ஒரு ஸ்டீல் குச்சி நீட்டிக்கிட்டு இருக்கும், ரெண்டு ஸ்க்ரூ போட்டு. அதான் சென்சார். உள்ள பிளாட்டினம், சூடு ஏற ஏற அதோட மின்தடை கூடும், அதத்தான் ஓம்ஸ்ல அளக்கறது. பெரும்பாலான ரேஞ்சுல 0 டிகிரில 1000 ஓம்ஸ், ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் சுமாரா 3.85 ஓம்ஸ் கூடும், சூடு ஏற ஏற அது கொஞ்சம் கொறையும். அப்ப 30 டிகிரில 1115 பக்கம் காட்டணும், 180 டிகிரில 1685 பக்கம். காரைக்குடி வெயிலுக்கு 1120, 1130 காட்டுனாலும் நல்லதுதான், பயப்படாதீங்க.

செய்ய வேண்டியது: ரேஞ்சுக்கு போற எம்சிபிய இறக்குங்க, த்ரீ பேஸ்னா மூணும் இறங்கிருச்சான்னு டெஸ்டர் வெச்சுப் பாத்துட்டுத்தான் பின்பக்க தகட்டைக் கழட்டணும். போர்டுல சென்சார் வயர் வந்து சொருகற பிளக்க உருவி அந்த ரெண்டு வயருக்கும் நடுவுல மல்டிமீட்டர்ல ஓம்ஸ் பாருங்க. 1100 சொச்சம் வந்தா சென்சாரும் வயரும் நல்லாருக்கு, அப்பத்தான் போர்டப் பத்தி யோசிக்கணும். ஓஎல்னு (அளக்க முடியல, வழி அறுந்திருக்குன்னு அர்த்தம்) காட்டுனா சென்சார் கிட்டவே இன்னொரு சின்ன கனெக்டர் இருக்கும், அங்க கழட்டி சென்சார மட்டும் பாருங்க. அங்கயும் ஓஎல்லா இருந்தா சென்சார் போச்சு, போர்டு வெலைல அது ஒரு மூலைக்குக் கூட வராது. அங்க நல்லா காட்டுனா நடுவுல இருக்க வயர்தான்.

கோவிலூர்_ரோடு:
அண்ணே எல்லாம் சரி, நம்ம ஊரு வோல்டேஜுக்கு ஸ்டெபிலைசர் இல்லாம இந்த மாதிரி சாமான் வாங்குனா இப்படித்தான். ஒரு ஸ்டெபிலைசர் போட்டா கோடு கீடு எதுவும் வராது.

பழைய_மெக்கானிக்:
ஸ்டெபிலைசரா? நாலு அடுப்பும் ஓவனும் ஒண்ணா போட்டா 9, 10 கிலோவாட் இழுக்கற சாமான் அது, அதுக்கு ஸ்டெபிலைசர் வாங்கி வைக்க முகப்புலதான் எடம் பாக்கணும். வோல்டேஜ் கொறஞ்சா கடிகாரம் மின்னும், அடுப்பு மந்தமா எரியும், சென்சார் ஓப்பன்னு கோடு வராது. ஆனா நீங்க கேட்டதால ஒண்ணு சொல்லணும், பழைய வீட்ல நான் பயப்படறது நியூட்ரல் ஜாயிண்ட்டுக்கு. த்ரீ பேஸ் வீட்ல மெயின் போர்டுல நியூட்ரல் லூசாச்சுன்னா ஒரு ரூம்ல பல்பு கண்ணக் கூசற மாதிரி எரியும், இன்னொரு ரூம்ல மங்கும். அதப் பாத்தா மறு பேச்சு பேசாம மெயின ஆஃப் பண்ணிட்டு எலக்ட்ரீஷியனக் கூப்பிடணும், இல்லேன்னா டிவி, ஃப்ரிட்ஜ், ரேஞ்ச் எல்லாம் சேந்து போயிடும்.

தேவகோட்டை_ஆச்சி:
நடுவுல கேக்கறதுக்கு மன்னிக்கணும் தம்பி. என் இன்டக்‌ஷன் அடுப்பு புது சட்டி வெச்சா மட்டும் இ0ன்னு காட்டிட்டு நின்னுடுது, பழைய குக்கர் வெச்சா ஓடுது. அடுப்பு போச்சா?

பழைய_மெக்கானிக்:
அடுப்பு போகல ஆச்சி, சட்டிதான். ஃப்ரிட்ஜ்ல ஒட்டற காந்தத்த எடுத்து சட்டியோட அடில வெச்சுப் பாருங்க, கப்புனு ஒட்டணும். லேசா ஒட்டுனா, இல்ல ஒட்டவே இல்லேன்னா இன்டக்‌ஷனுக்கு ஆகாது. பித்தளை, அலுமினியம், செம்பு எதுவும் ஓடாது. அடி ரொம்ப சின்னதா இருந்தாலும் அதே கோடு வரும். அப்புறம் 2000 வாட் அடுப்புன்னா 230 வோல்ட்ல கிட்டத்தட்ட 8.7 ஆம்ப் இழுக்கும், 16 ஆம்ப் பாயிண்ட்லதான் போடணும், மிக்சி போடற 6 ஆம்ப் பாயிண்ட்ல அடாப்டர் மாட்டி ஓட்டாதீங்க, பிளக் உருகி நிக்கும்.

பள்ளத்தூர்_பையன்:
அண்ணே கண்டுபிடிச்சாச்சு!! எலக்ட்ரீஷியனக் கூட்டிட்டு வந்து மூணு பேஸும் இறக்கிட்டு தகட்டக் கழட்டுனோம். போர்டு பக்கம் ஓஎல். சென்சார் பக்கம் கழட்டிப் பாத்தா 1124, கல்லு மாதிரி நிக்குது. நடுவுல பாத்தா ஓவனச் சுத்தி இருக்க கண்ணாடிப் பஞ்ச பிச்சு இழுத்து ஒரு எலி குடித்தனமே நடத்தியிருக்கு, பஞ்சு, கிழிஞ்ச துணி, காஞ்ச நெல்லு உமி, படைப்பு வீட்டு வாழை நார் கூட இருக்கு. சென்சார் வயர்ல ஒண்ணு முழுசா கடிச்சு துண்டாகிக் கெடக்குது, இன்னொண்ணு ஒறை போயி செம்புக் கம்பி பளபளன்னு தெரியுது. எலக்ட்ரீஷியன் சாதா வயர முறுக்கி டேப் சுத்திட்டாப் போதும்ங்கறாரு, செய்யலாமா?

பழைய_மெக்கானிக்:
வேணாம், அவருகிட்ட சொல்லுங்க. வீட்டு வயரிங்குக்கு போடற பிவிசி வயர் 70 டிகிரி வரைக்கும்தான் தாங்கும், இன்சுலேஷன் டேப்பும் சூட்டுல பிசுபிசுன்னு ஆயிடும். ஓவன் பின் சுவரு ஓடும்போது அத விட நல்லா சூடாகும். ஃபைபர் கிளாஸ் ஒறை போட்ட ஹீட்டர் வயர் கேளுங்க, அயர்ன் பாக்ஸ், கீசர் ஸ்பேர் பார்ட்ஸ் விக்கற கடையில இருக்கும், சிலிக்கான் வயரும் பரவால்ல. ஜாயிண்ட்டுக்கு பீங்கான் கனெக்டர். சென்சார்ல போறது ரொம்பக் கம்மியான கரண்ட்டு, அதனால வயர் தடியா வேணாம், சூடு தாங்கணும் அவ்வளவுதான். ரெண்டு வயரையும் மாத்திடுங்க, அரைகுறையா இருக்கறத விட்டா நாளைக்கு தகட்டுல பட்டு எஃப்4னு வந்து நிக்கும். எந்த வயர் எந்தப் பக்கம்னு கவலப்பட வேணாம், இதுக்கு பிளஸ் மைனஸ் கெடையாது.

இன்னொண்ணு, பிச்சுப்போன கண்ணாடிப் பஞ்ச அப்படியே விட்டுட்டு மூடாதீங்க. பஞ்சு இல்லாத எடத்துல சூடு நேரா வெளிய வந்து வயரையும் பின்னாடி இருக்க சுவரையும் சுட்டுடும். ஓவனுக்குன்னு சூடு தாங்கற பஞ்சாப் பாத்து வாங்கி ரொப்புங்க. கையுறையும் மாஸ்க்கும் போட்டுக்கங்க, அரிப்பு எடுத்துச்சுன்னா ரெண்டு நாளைக்கு என்னத் திட்டுவீங்க.

பள்ளத்தூர்_பையன்:
வயர், கனெக்டர், பஞ்சு எல்லாம் சேத்தே 1000 ரூபாய்க்குள்ள முடிஞ்சிடுச்சு அண்ணே, எலக்ட்ரீஷியன் கூலி தனி. ஆன் பண்ணா கடிகாரம் பழையபடி 12:00ன்னு மின்னுது, எஃப்3 காணோம், ஓவன் 180ல வெச்சு அரை மணி நேரம் ஓடவிட்டுப் பாத்தாச்சு. சர்வீஸ்காரங்க மறுபடி கூப்பிட்டு "11,000க்கு முடிச்சுக்கலாம் சார்"னாங்க, வேணாம்னுட்டேன். இனி எலி வராம இருக்க என்ன பண்ணலாம்? பின்னாடி அட்டைய வெச்சு அடைச்சிடவா?

திருமயம்_தம்பி:
அட்டை வேணாம் ப்ரோ, அது காத்து போற வழி, அடைச்சா போர்டு வெந்துடும். 6 எம்எம்முக்கும் சின்ன ஓட்டை உள்ள கம்பி வலை போதும், எலி நுழையாது, காத்தும் போகும். தகட்டுல இருக்க ஸ்க்ரூலயே சேத்து முடுக்கிடுங்க. வீட்ட பூட்டறப்ப அடுப்படில நெல்லு, உமி எதுவும் விட்டுட்டு வராதீங்க.

பழைய_மெக்கானிக்:
வலை வயர் மேல உரசாம பாத்துக்கங்க. ஊருக்குக் கெளம்பறப்ப எம்சிபிய இறக்கிட்டுப் போங்க, அடுத்த தடவ எலி கடிச்சாலும் ஷார்ட் ஆகாது.

தேவகோட்டை_ஆச்சி:
தம்பி, காந்தம் ஒட்டல. இன்டக்‌ஷன் சட்டின்னு சொல்லித்தான் கடைக்காரன் வித்தான், பில்லு பத்திரமா இருக்கு. நாளைக்கு காந்தத்தையும் கையோட எடுத்துட்டுப் போறேன்.