பியூஸ் மாற்றும் முன் ஒரு சந்தேகம்: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. என் பழைய ஆம்பிளிஃபயர் நேற்று பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே பொட்டென்று நின்றுவிட்டது. பிளக்கைக் கழற்றிவிட்டு, பின்பக்கம் இருக்கும் பியூஸ் மூடியைத் திருகிப் பார்த்தேன். கண்ணாடிக் குழாய் உள்ளே கன்னங்கரேலென்று இருக்கிறது. அதன் தொப்பியில் பொடி எழுத்தில் ‘டி 2 ஏ எல் 250 வி’ என்று போட்டிருக்கிறது.

டி என்றால் மெதுவாக உருகும் வகை, எஃப் என்றால் சட்டென்று உருகும் வகை என்பது வரை தெரியும். என்னிடம் இருப்பது எஃப் 2 ஏ, அதாவது அதே 2 ஆம்பியர்தான். அதைப் போட்டால், ஆன் செய்ததும் டிரான்ஸ்ஃபார்மர் இழுக்கும் முதல் கரண்டிலேயே போய்விடுமா? நண்பர் ஒருவர் “5 ஆம்பியர் போடு, தொல்லை விட்டது” என்கிறார். அப்புறம் பியூஸுக்குப் பதில் ஆம்பிளிஃபயர்தான் எரியும். அதைச் செய்யப் போவதில்லை.

பெரிய கவலை வேறு. கம்பி மட்டும் அறுந்திருந்தால் லேசான ஓவர்லோடு, இப்படிக் கறுத்திருந்தால் உள்ளே ஷார்ட் என்பார்களே. அப்படியானால் புது பியூஸ் போட்டுப் பார்ப்பதே தப்பா? முதலில் மல்டிமீட்டரில் எதைச் சோதிக்கலாம்?

இன்னொன்று, பவர் கேபிள். உறையில் 3 × 0.75 சதுர மி.மீ. (உள்ளே மூன்று கம்பி, ஒவ்வொன்றின் குறுக்குவெட்டு 0.75 சதுர மி.மீ.) என்று இருக்கிறது. செட் எடுப்பது 300 வாட், 230 வோல்ட்டில் சுமார் 1.3 ஆம்பியர். கணக்குப்படி கேபிள் தாராளமாகப் போதும். ஆனாலும் பிளக் தொட்டால் சுடுகிறது, ஒரு பின் லேசாகப் பழுப்பேறியிருக்கிறது. சாக்கெட்டில் பிடிப்பு தளர்ந்திருக்குமோ? கேபிளோடு சாக்கெட்டையும் மாற்ற வேண்டுமா?