அருகிவரும் மொழிகளைப் பதிந்தோருக்கு எவ்வாறு மதிப்பளிப்பது?

வாசிகசாலைச் செயலாளர், வலிகாமம்:
பெப்ரவரி 21, தாய்மொழி நாளன்று எமது சனசமூக நிலையத்தில் வழமைபோலத் தமிழின் பெருமையை மட்டும் பேசிக் கலையாமல், பேசுவோர் அருகிவரும் மொழிகளைப் பதிவுசெய்த அறிஞர்களை நினைவுகூர விரும்புகின்றோம். யார் யாரை முன்னிறுத்தலாம்? பொன்னாடையைத் தவிர வேறு எவ்வகையில் மதிப்பளிக்கலாம்?

ஓய்வுபெற்ற தமிழாசிரியை:
தம்பி, தமிழின் உறவுமொழிகளிலிருந்தே தொடங்குங்கள். கனடாவில் பிறந்த மொழியியலாளர் எமனோ 1930களின் நடுவில் நீலகிரிக்கு வந்து, எழுத்துவடிவம் இல்லாத தோடா, கோத்தா மொழிகளை அம்மக்கள் வாய்மொழியாகச் சொல்லச் சொல்லக் கேட்டெழுதினார். பின்னாளில் மொழியறிஞர் பரோவுடன் இணைந்து அவர் 1961இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியில், அந்தச் சொற்கள் நம் தமிழ்ச் சொற்களோடு ஒரே வரிசையில் அமர்ந்திருக்கின்றன. ஆனால் கோத்தாக் கதைகளை அவருக்குச் சொன்னவர் சுல்லி என்னும் கோத்தர். எமனோவின் படத்துக்கு மாலையிடுவதானால் சுல்லியின் பெயரையும் அருகில் எழுதிவையுங்கள். சொன்னவர் இல்லையேல் எழுதியவருக்கு என்ன வேலை?

மட்டக்களப்பு வாசகர்:
நீலகிரி வரை போவானேன்? எங்கள் ஊரில் ஐரோப்பிய வழிவந்த பறங்கியர் சிலரின் வீடுகளில், போர்த்துக்கேயமும் உள்ளூர் மொழிகளும் கலந்துருவான போர்த்துக்கேயக் கிரியோல் மொழி இன்றும் ஒலிக்கின்றது. கதிரை, அலுமாரி, பாண் என்று யாழ்ப்பாணத்தில் நாள்தோறும் புழங்கும் சொற்கள் போர்த்துக்கேயத்திலிருந்து வந்தவை என்று சபையில் சொன்னாலே எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள். இக்கிரியோல் மொழியை 1970களில் மொழியியலாளர் இயன் சிமித் ஆராய்ந்தார். அண்மைக் காலத்தில் ஊகோ கார்டோசோ ஒலி, ஒளிப்பதிவுகளாகச் சேர்த்துவைத்துள்ளார். அவர்களைப் பற்றிய உரைக்கு முன்பாக, அம்மொழி பேசும் முதியவர் ஒருவரை மேடைக்கு அழைத்துப் பேசச் செய்யுங்கள்.

மொழியியல் மாணவர்:
மேலே கூறியவற்றோடு உடன்படுகின்றேன். எனினும் விருதுகளைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். அந்தமானில் போ மொழியின் கடைசிப் பேச்சாளரான போவா மூதாட்டி 2010 சனவரியில் காலமானபோது, அவருடன் பல ஆண்டுகள் அமர்ந்து மொழியியலாளர் அன்விதா அப்பி செய்த பதிவுகளே அம்மொழிக்கு எஞ்சின. அப்பிக்கு 2013இல் பத்மசிறீ விருது கிடைத்தது. இலக்கணமும் அகராதியும் தொகுப்பதைக் கோட்பாட்டு ஆய்வுக்கு ஒருபடி கீழாக எண்ணும் போக்கு கல்விச்சூழலில் இருப்பதால், இத்தகைய அங்கீகாரம் அடுத்து வருவோருக்குத் துணிவு தரும். அதேவேளை, பதிவுகளுக்குப் பல படிகள் எடுத்து வெவ்வேறு இடங்களில் வைப்பதும் மதிப்பளித்தலே. 1981இல் நூலகம் எரியக் கண்ட ஊருக்கு ஒற்றைப் பிரதியின் ஆபத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

வாசிகசாலைச் செயலாளர்:
அனைவருக்கும் நன்றி. அழைப்பிதழில் சுல்லியின் பெயரும் இடம்பெறும். நினைவுப்பரிசுகளுக்கு ஒதுக்கிய பணத்தை மட்டக்களப்பிலிருந்து வருவோரின் பயணச் செலவுக்கு மாற்றுமாறு செயற்குழுவிடம் கேட்கவுள்ளேன். பொன்னாடையை மட்டும் எங்கள் தலைவர் கைவிடமாட்டார் என்றே அஞ்சுகின்றேன்.