பெட்டோடு தனியாக ஆடுவது: திறமையா, ஒதுங்கலா?

கேடயம்முன்னே:
வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கிளாசிக் என்ற இணைய ஆட்டத்தில் நான் டேங்க், அதாவது எதிரியின் அடியைத் தாங்கிக் குழுவைக் காப்பவன். பெட்டை (கூடவே சண்டையிடும் வளர்ப்பு மிருகத்தை) வைத்துக்கொண்டு தனியாகவே லெவல் ஏறி வந்த ஹன்டர்களோடு (வில்லாளிகளோடு), ஐந்து பேர் குழுவாக நுழையும் டன்ஜன் போவது எனக்குப் பெரும்பாடாக இருக்கிறது. எதிரியைத் தன் மேல் திருப்பும் க்ரௌல் என்ற பெட்டின் திறன் தானாக ஓடிக்கொண்டே இருக்கும். நான் பிடித்து வைத்திருக்கும் எதிரியை அது தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், எதிரியின் முகம் காயம் ஆற்றும் ஹீலர்கள் நிற்கும் திசைக்குத் திரும்பிவிடும். மேல்தளத்திலிருந்து எல்லோரும் குதித்து இறங்குவோம். பெட்டை டிஸ்மிஸ் செய்யாமல் (மறையச் செய்யாமல்) ஹன்டரும் குதிப்பார். அவருடைய ஓநாய் சுற்றுவழியில் ஓடி, வழியில் நிற்கும் அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு வந்து சேரும். ஐந்து பேரும் சாவோம்.

யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. அறுபதாவது லெவல் வரை அவர்களுக்கு டேங்க் என்றால் அந்த ஓநாய்தான். இன்னொரு மனிதரை நம்பி ஆட வேண்டிய தேவையே வரவில்லை. என் வாதம் இதுதான்: இணைய ஆட்டத்தில் பெட் மனிதருக்கு மாற்றாக இருக்கக் கூடாது. ஹன்டர் போன்ற பெட் கிளாஸ்களுக்குத் தனி ஆட்டம் இவ்வளவு எளிதாக அமைந்ததே தவறு.

வேட்டைநிழல்:
க்ரௌலை அணைக்கிறது ஒரே ஒரு ரைட் கிளிக், ப்ரோ. அது தெரியலைன்னா சொல்லிக்கொடுக்க ஆள் இல்லைன்னுதான் அர்த்தம். அதுல எனக்குச் சண்டை இல்லை. "எளிது"ன்னு சொன்னீங்களே, அதைத்தான் ஏத்துக்க முடியலை.

கிளாசிக் ஹன்டர் தனியா ஆடும்போது என்ன நடக்குதுன்னு பாருங்க. பெட்டை அனுப்பி, அது க்ரௌல் போடுற வரைக்கும் வில்லைத் தொடாம நிக்கணும். அவசரப்பட்டா அக்ரோ, அதாவது எதிரியோட கவனம், நம்ம மேல வந்துடும். எதிரி கிட்ட வந்துட்டா வில் வேலை செய்யாது. ஐந்து கெஜத்துக்கும் எட்டு கெஜத்துக்கும் நடுவுல மாட்டினா அம்பும் போகாது, கைச்சண்டையும் எட்டாது. பெட்டைக் குணப்படுத்துற மென்ட் பெட் போடணும்னா நின்ன இடத்துலயே நின்னு போட்டுக்கிட்டே இருக்கணும், அந்த நேரம் பூரா நம்ம அடி நின்னுடும். ரெண்டாவது எதிரி வந்தா அதை உறைய வைக்கிற ஃப்ரீஸிங் ட்ராப் வைக்கணும். ஆனா சண்டைக்குள்ள ட்ராப் வைக்க முடியாது. அதனால ஃபெய்ன் டெத் போட்டுச் செத்த மாதிரி விழுந்து, சண்டையிலிருந்து வெளிய வந்த அந்தக் கண நேரத்துல வைக்கணும். இதை நாலு எதிரிக்கு நடுவுல செஞ்சு பாருங்க.

பெட்டுக்குச் சாப்பாடும் போடணும். சந்தோஷமா இருந்தா 125 சதவீதம் அடிக்கும், சுமாரா இருந்தா 100, கோபமா இருந்தா 75. விசுவாசம் ரொம்பக் குறைஞ்சா நம்மளை விட்டுட்டே போயிடும். இவ்வளவையும் கவனிக்கிறவங்களைப் பார்த்து ஒதுங்கி ஆடுறாங்கன்னு சொல்றது நியாயமே இல்லை.

ரோக்டெலார் வில்லையும் மறந்துடாதீங்க. அதுக்கு ஹன்டர் நாலு பேய்களைத் தனி ஆளா முடிக்கணும். வேற யாராவது உதவினா செல்லாது. தனியா நிக்கிறது ஹன்டரோட அடையாளம்னு அந்தச் சோதனையே காட்டுது.

கேடயம்முன்னே:
கைத்திறமை வேண்டும் என்பதை ஏற்கிறேன். ஃபெய்ன் டெத் போட்டு ட்ராப் வைக்கத் தெரிந்த ஹன்டரை என் குழுவில் இரு கை நீட்டி வரவேற்பேன்.

ஆனால் ரோக்டெலார் உங்களுக்கு உதவாது, எனக்குத்தான் உதவும். அந்த குயெஸ்ட் (பணி) தொடங்கத் தேவையான இலை எங்கே கிடைக்கிறது? பெரிய குழுவாகப் போகும் மோல்டன் கோர் ரெய்டில், மேஜர்டோமோ என்ற பாஸின் பெட்டியில். நாற்பது பேர் சேர்ந்து திறக்க வேண்டிய பெட்டி அது. தனிச் சோதனைக்குப் போகும் கதவே நாற்பது பேரின் கையில் இருந்தது. முதலில் குழு, பிறகு தனி ஆட்டம் என்ற அந்த ஒழுங்கைத்தான் நான் கேட்கிறேன்.

இன்னொன்று. பெட் கோபித்தால் ஒரு துண்டு இறைச்சி போதும். ஹீலருக்கு மானா (மந்திர சக்தி) தீர்ந்துவிட்டதா, புதிதாக வந்தவர் பயந்து நிற்கிறாரா என்று பார்க்கும் கண் வேறு. அதை ஓநாயிடம் கற்க முடியாது.

பழையகலம்:
நான் ஃபைனல் ஃபேன்டஸி 11இலிருந்து வருகிறேன், அது 2002இல் வந்த ஆட்டம். "குழு இல்லாமல் நகர முடியாது" என்று கேடயம் விரும்பும் உலகத்தில் வாழ்ந்தவன் என்பதால் சொல்கிறேன். லெவல் ஏறக் குழு வேண்டும், குழு கிடைக்கக் காத்திருக்க வேண்டும். டேங்க், ஹீலர் இல்லாவிட்டால் மாலை முழுவதும் ஊருக்குள் நின்றுகொண்டே போய்விடும். இதைச் சமூகம் என்று அழைக்க என்னால் முடியவில்லை. அது வரிசை.

அதிலிருந்து தப்பிக்கும் வழியாக இருந்தது பீஸ்ட்மாஸ்டர். எதிரி மிருகத்தையே மயக்கிப் பெட்டாக்கி இன்னொரு மிருகத்தோடு மோதவிடுவார். மயக்கம் எப்போது தெளியும் என்று உறுதியாகத் தெரியாது. தெளிந்தால் இவ்வளவு நேரம் நமக்காக அடித்த மிருகம் நம் மீதே பாயும். ஆகவே எந்த மிருகம் எங்கே உலவுகிறது, எது தன்னைவிட வலியது, எந்த மூலையில் ஓடி ஒளியலாம் என்று நிலப்பரப்பு முழுவதையும் அவர்கள் மனதில் வைத்திருந்தார்கள். குழுவில் அவர்களை அழைப்பவர்கள் குறைவு. இருந்தும் வழி கேட்டால் முதலில் பதில் சொன்னவர்கள் அவர்கள்தான். தனியாக ஆடுகிறவர் மனிதர்களை வெறுக்கிறவர் என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது?

2013இல் ட்ரஸ்ட் வந்தது. கதைமாந்தர்களையே யாரும் துணைக்கு அழைக்கலாம். அதை எதிர்த்தவர்களும் இருந்தார்கள். ஆட்டம் இன்னும் ஓடுகிறது. ஆள் குறைந்துபோன பழைய ஆட்டத்துக்குப் புதிதாக ஒருவர் வந்தால் யாரோடு குழு சேர்வார், சொல்லுங்கள்?

கேடயம்முன்னே:
பழைய ஆட்டத்துக்கு ட்ரஸ்ட் தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் 2024இல் வார்கிராஃப்டுக்கு வந்த தி வார் விதின் விரிவாக்கம் ஆள் குறைந்த ஆட்டமா? அங்கே வந்த புதிய எண்ட்கேம் (உச்ச லெவலுக்குப் பிறகான ஆட்டம்) வழி டெல்வ்ஸ் என்ற சிறு டன்ஜன்கள். பிரான் என்ற, ஆட்டமே இயக்கும் துணைவரோடு தனியாகவே போகலாம். எட்டாம் நிலை முடித்தால் முதல் சீசனிலேயே வாராந்திரப் பரிசுப் பெட்டியான வால்ட்டில் ஹீரோ தரக் கவசம். ஹீரோயிக் ரெய்டில் பத்து பேரையாவது ஒன்றுசேர்த்து, ஒவ்வொருவருக்கும் ஒத்துவரும் நேரத்தைத் தேடிப் பெறும் தரம் அது. எங்கள் கில்டில் (நிரந்தரக் குழுவில்) வாரக் கடைசிக்கு ஆள் சேராமல் போனது இதற்குப் பிறகுதான். யாரும் சண்டை போட்டுப் போகவில்லை. தேவை இல்லாததால் வரவில்லை.

பச்சைமந்திரம்:
ஹீலராக இதில் எனக்குச் சொல்ல இருக்கிறது, இரண்டு பக்கமும் விட்டுப்போன விஷயம்.

ஹன்டரின் பெட்டும் பிரானும் ஒரே வகை இல்லை. ஓநாய் அடி வாங்கும், கடிக்கும், அவ்வளவுதான். உங்களுக்கு ஹீல் போடாது. கஷ்டமான எலீட் குயெஸ்ட்டில் அது விழுந்துவிடும், பக்கத்தில் நிற்கும் யாரையாவது "சேர்ந்து முடிக்கலாமா?" என்று கேட்பீர்கள். அந்தக் குறைதான் இன்னொரு மனிதருக்கு இடம் விடுகிறது. ஃபைனல் ஃபேன்டஸி 14இன் சோகோபோ என்ற துணைப் பறவையிலும் அந்த அளவு தெரிகிறது. தடுக்கும், அடிக்கும், ஹீல் கூடப் போடும். ஆனால் ஒரு முறை கீரை கொடுத்தால் முப்பது நிமிடம் இருக்கும், டன்ஜனுக்குள் வராது. வெளியுலகில் துணை, வாசலில் மனிதர்கள். பிரான் ஹீலராகவே வந்து நிற்கும்போது அந்த இடம் அடைபடுகிறது, அங்கே நான் கேடயத்தோடு நிற்கிறேன்.

ஆனால் கேடயம் அண்ணா, மனிதர்கள் தேவையில்லாததால் வரவில்லை என்பதை முழுக்க ஏற்க மாட்டேன். 2006இல் டுஷெனோ, யீ ஆகியோரின் குழு வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டை ஆராய்ந்தது. பலர் மற்றவர்களோடு சேர்ந்து ஆடுவதைவிட, மற்றவர்கள் சூழ்ந்திருக்கும் இடத்தில் தனியாக ஆடவே அந்த உலகத்தில் இருக்கிறார்கள் என்பது அவர்கள் கண்டது. அதாவது, பிரான் பிறப்பதற்குப் பல வருடம் முன்பே. கூட்டத்துக்குள் தனியாக இருக்கும் சுகத்தை நீங்கள் கணக்கில் எடுக்கவே இல்லை. குழுவில் ஒரு முறை ஏச்சு வாங்கிவிட்டுப் பெட்டோடு ஒதுங்கிய பெண்கள் எத்தனை பேரை எனக்குத் தெரியும்! அவர்களிடம் போய் "ஓநாய் உனக்கு எதையும் கற்றுத்தராது" என்று சொல்லாதீர்கள். அது குறைந்தபட்சம் திட்டாது.

சுடர்விழி:
புதுசா ஆட ஆரம்பிச்ச ஹன்டர் நான். முதல் பதிவைப் படிச்சதும் டன்ஜன் குழுல சேரவே கை வரலை. க்ரௌலை எங்க அணைக்கிறதுன்னு யாராவது சொல்றீங்களா? குதிக்கிறதுக்கு முன்னாடி என்ன செய்யணும்?

வேட்டைநிழல்:
பெட் பார்ல க்ரௌல் படத்தைச் சுத்தி மினுக்குற ஓரம் தெரியும். ரைட் கிளிக் பண்ணுங்க, ஓரம் நின்னுடும். டன்ஜனை விட்டு வெளிய வந்ததும் மறக்காம திரும்பப் போட்டுக்கங்க, இல்லைன்னா அடி எல்லாம் உங்க மேலதான். குதிக்கிறதுக்கு முன்னாடி டிஸ்மிஸ் பெட். அது முடிய நேரம் எடுக்கும், "ஒரு நிமிஷம்"னு சாட்ல போடுங்க. நல்ல டேங்க் நிப்பாரு.

கேடயம்முன்னே:
சுடர்விழி, தயங்காமல் வாருங்கள். நான் நிற்பேன். முதல் சண்டைக்கு முன்னால் பெட் வைத்திருப்பவர்களிடம் க்ரௌலைப் பற்றி இனி நானே கேட்டுவிடுகிறேன், அந்த அளவுக்கு என் பக்கமும் வேலை இருக்கிறது.

பச்சைமந்திரம் வைத்த கோடு எனக்குப் பிடித்திருக்கிறது: குறையுள்ள துணை சரி, முழுமையான துணை வேண்டாம். ஆகவே கேட்கிறேன், பிரானோடு தனியாகப் போகிறவருக்கு வால்ட்டில் ஒரு தரம் குறைத்துக் கொடுப்பதில் என்ன அநியாயம்? தனியாகவும் ஆடலாம், உச்சியில் மட்டும் மனிதர்கள் வேண்டும்.

வேட்டைநிழல்:
அநியாயம்தான், ப்ரோ. பிரான் முழுமையான துணைன்னு யார் சொன்னது? ஹீலரா இருந்தாலும் அவர் மருந்துக் குப்பியைத் தரையில போடுவாரு, நாமதான் ஓடிப்போய் மிதிச்சு எடுக்கணும். பாஸோட பெரிய மந்திரத்தைச் சரியான நேரத்துல தடுக்கிறது நம்ம கை. ரெய்டுல ஒருத்தர் தவறவிட்டா இன்னொருத்தர் தடுப்பாரு. இங்க தவறவிட்டா சாவுதான். ராத்திரி வேலை முடிஞ்சு வந்து ஆடுறவருக்கு ரெய்டுக்கு அத்தனை பேர் கிடைக்கமாட்டாங்க, அந்தப் பாஸ் அவருக்காக மெதுவா அடிக்கிறதும் இல்லை. எட்டாம் நிலையைத் தனியா முடிச்சவருக்கு அந்தக் கவசம் முழுசாவே சேரணும். உங்க கில்டுக்கு ஆள் வேணும்னா அவர் பரிசைக் குறைக்காதீங்க, வாரக் கடைசி ராத்திரிக்கு அவரைக் கூப்பிடுங்க.

பச்சைமந்திரம்:
அந்தக் குப்பி விஷயம் உண்மை, நான் சொல்லாமல் விட்டுவிட்டேன். இருந்தாலும் ஹீலரே இல்லாமல் ஹீரோ தரம் கிடைக்கும் வழி என் கிளாஸுக்கு நல்லதில்லை என்பதில் மாற மாட்டேன். சுடர்விழி, எந்த சர்வர்? இன்று இரவு டெட்மைன்ஸ் டன்ஜன் போகலாம், கேடயம் அண்ணாவும் வந்தால் டேங்கும் ஹீலரும் தயார்.