புதுப்பிப்பு: எண்ணூர்ச் சேற்றில் வந்த இரட்டை முகடு

எண்ணூர்க் கழிமுகச் சேற்றில் வளர்த்த பாக்டீரியாவின் 16எஸ் மரபணுவை (இனத்தை அடையாளம் காண உதவுவது) வரிசைப்படுத்தியபோது, ஒரு டி.என்.ஏ. எழுத்துக்கு ஒரு நிற முகடு மட்டுமே வரவேண்டிய வரைபடத்தில், ஆறு இடங்களில் நீலக்கோடும் சிவப்புக்கோடும் சேர்ந்து எழும்பியதைப் போன மாதம் எழுதியிருந்தேன். மாதிரியில் வேறு கிருமி கலந்துவிட்டது என்று அடித்துச் சொன்னேன். அது தவறு.

"தனிக் காலனியா எடுத்து மறுபடி இழுத்துப் பாருங்கக்கா" என்றாள் தண்டையார்பேட்டையிலிருந்து வரும் ஜூனியர். ஒரே செல்லிலிருந்து பெருகிய புள்ளிதான் காலனி; அதைத் தொட்டு, புது வளர்ப்புத் தட்டில் மூன்று முறை கோடிழுத்து வளர்த்தேன். தட்டு முழுக்க ஒரே மாதிரி வெளிறிய, ஈரப் பளபளப்புள்ள புள்ளிகள். இரட்டை முகடுகளும் அதே ஆறு இடங்களில் அப்படியே இருந்தன; கலப்பு என்றால் அவை மறைந்திருக்கும்.

ஒரு பாக்டீரியாவுக்குள் இந்த மரபணு பல படிகளாக (நகல்களாக) இருக்கலாம், குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவில் 7 உண்டு. படிகளுக்குள் எழுத்து மாறலாம். இங்கே ஆறு மாற்றமும் முப்பது எழுத்துக்குள் நெருங்கிக் கிடக்கின்றன. தற்செயல் பிறழ்வு என்றால் பெரும்பாலும் சிதறியிருக்கும். அதனால், பக்கத்து இனத்திலிருந்து ஒரு துண்டு ஒட்டியிருக்குமோ என்பது என் சந்தேகம். நடக்காத காரியமில்லை: 1999இல் ஈ.கோலையின் ஏழு படிகளையும் முடக்கி, அதன் உறவுக்கார பாக்டீரியாவான சால்மொனெல்லாவின் படியை மட்டும் கொடுத்தார்கள். அது பிழைத்து வளர்ந்தது!

அப்புறம், எந்தப் படியில் எந்த எழுத்து என்று பார்க்க, படிகளைத் தனித்தனியாகப் பிரித்துப் பெருக்க (குளோன் செய்ய) தொடங்கிவிட்டோம்.