ஜார்ஜ் டவுன் கையேடு: யாருக்காக வடிவமைப்பது?

டம்மி_போடுபவன்
சென்னை ஜார்ஜ் டவுனுக்கு ஒரு பாரம்பரியக் கையேடு வடிவமைக்கும் வேலை வந்திருக்கிறது. 64 பக்கம், பாக்கெட் சைஸ். யார் படிக்கப்போகிறார்கள் என்று கேட்டால் "எல்லாரும்தான் சார்" என்கிறார்கள். வெளிநாட்டுப் பயணி, பள்ளிப் பிள்ளை, லீவுக்கு வரும் அமெரிக்கப் பேரன், அங்கேயே கடை வைத்திருப்பவர், எல்லாரையும் மனதில் வைத்து நான் போட்ட முதல் டம்மி (அச்சுக்கு முன் செய்யும் மாதிரிப் புத்தகம்) பாடப்புத்தகமும் கல்யாணப் பத்திரிகையும் கலந்த மாதிரி வந்திருக்கிறது. நீங்களாக இருந்தால் யாரைப் பிடிப்பீர்கள்?

ஞாயிறு நடை
புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் நிற்கப்போவது யார் என்று பாருங்கள். வார நாளில் தங்கசாலைத் தெருவில் தலையை நிமிர்த்தி ஒரு மாடியைப் பார்க்க முடியுமா? மீன்பாடி வண்டி வந்து முட்டும். ஞாயிறு காலையில் பாதி ஷட்டர் இறங்கியிருக்கும், அப்போதுதான் கட்டடமே கண்ணில் படும். அந்த நேரத்தில் நடக்க வருகிறவர்களில் நான் பார்த்தவரை வெள்ளைக்காரர்கள் குறைவு. வேளச்சேரி, அண்ணா நகர் பக்கத்து ஆட்கள்தான், அதிலும் பலர் வெள்ளெழுத்துக் கண்ணாடி வயது. பளபளப்புத் தாள் வேண்டாம், வெயிலில் கண் கூசும். 8 பாயின்ட் எழுத்தும் வேண்டாம்.

ஆண்டர்சன் தெரு வாடிக்கை
எனக்கு இதில் உடன்பாடில்லை. ஞாயிறு நடைக்கு வருபவருக்கு ஏற்கெனவே ஆர்வம் இருக்கிறது, புத்தகம் இல்லாவிட்டாலும் வருவார். என் அம்மா முப்பது வருடமாகப் பத்திரிகை அடிக்கவும் பேப்பர் வாங்கவும் அங்கே போகிறார், காளிகாம்பாள் கோயிலுக்கும் போவார், 1677இல் சிவாஜி அங்கே வந்து கும்பிட்டதாகச் சொல்லும் கதையும் தெரியும். ஆனால் பாரிமுனையில் 1773ஆம் ஆண்டு எல்லைத் தூண் ஒன்று நிற்பதும், இப்போது உயர் நீதிமன்றம் இருக்கும் பக்கம்தான் அந்தக் காலத்தில் நம்மவர்கள் குடியிருந்த பழைய கறுப்பர் நகரம் இருந்தது, அதை வெள்ளைக்காரர்களே இடித்தார்கள் என்பதும் நான் சொல்லித்தான் தெரிந்தது. இந்த மாதிரி ஆளுக்குப் போடுங்கள். பையில் காய்கறியோடு கிடக்கிற ஒரே தாள், மடிப்பு வரைபடம், தமிழில்.

பூக்கடை ஸ்டாப்
யாருக்குப் போட்டாலும் சரி, வழி சொல்லப்போவது கடைக்காரர். வரைபடத்தில் பிரகாசம் சாலை என்று மட்டும் போட்டால் முழிப்பார், கூடவே பிராட்வே என்றும் போடுங்க.

டம்மி_போடுபவன்
அம்மா கணக்கு மனதில் நிற்கிறது, ஆனால் மூட்டையோடு பஸ்ஸைப் பிடிக்க ஓடுபவர் நின்று படிப்பாரா என்று சந்தேகம். அதனால் ஞாயிறன்று முதல்முறையாக வரும் சென்னைக்காரர் என்று முடிவு செய்துவிட்டேன். 64ஐ 32 ஆக்குகிறேன், தமிழ்தான், பின்னட்டைக்குள் அந்த மடிப்பு வரைபடம், அதைத் தனியாகவும் அடிக்கலாம். ஆங்கிலம் வேண்டுமென்றால் அது வேறு புத்தகம், வேறு பில். வரும் ஞாயிறு மண்ணடி மெட்ரோவில் இறங்கி டம்மியோடு நடக்கப்போகிறேன், கண்ணாடி போட்டவர் யாராவது கூட வந்தால் எழுத்தின் அளவை அங்கேயே தீர்த்துவிடலாம்.